சுயகாயமா, போதையா: மொழிபெயர்க்கப்பட்ட வினாநிரல் எதை அளக்கிறது?

ஒரு மொழியில் உருவான உளவியல் வினாநிரலை மற்றொரு மொழியில் பயன்படுத்த முனைவோர், மொழிபெயர்ப்பு மூலத்தின் பொருளைச் சிதையாமல் தாங்கியிருக்கிறதா என்பதையும், புதிய வடிவம் தான் அளப்பதாகச் சொல்லிக்கொள்வதைத்தான் அளக்கிறதா என்பதையும் நிறுவ வேண்டியவர்கள். பின்னதை அளவீட்டு நூல்கள் ஏற்புடைமை என்றும், ஒரே கருவி மீண்டும் மீண்டும் பயன்படும்போது ஒத்த விடையையே தருவதை நம்பகத்தன்மை என்றும் வழங்குகின்றன. தன் உடலைத் தானே வேண்டுமென்று காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையை, அதாவது சுயகாயத்தை, அளக்கும் வினாநிரல் போதைப்பொருள் சார்புடையோரிடம் கொண்டுசெல்லப்படும்போது இவ்விரண்டோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. போதைப் பழக்கமே உடலுக்குத் தீங்கு செய்வது. எனவே கிடைக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு சுயகாயத்துக்கு உரியது, எவ்வளவு போதைக்கே உரியது என்பதே அக்கேள்வி. மொழிபெயர்ப்பு எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் இதற்கு விடை தராது. இதற்கென்று தனியே திட்டமிட்ட ஆய்வுதான் விடை தர முடியும்.

சுயகாயமும் போதைச் சார்பும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது தற்செயல் அன்று. தாங்க முடியாத மனவேதனைக்குத் தாமே மருந்திட்டுக்கொள்வதுபோலச் சிலர் போதைப்பொருளை நாடுகின்றனர் என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் விரிவாக முன்வைத்தார். சுயகாயத்துக்கான காரணங்களை ஆராய்ந்த டேவிட் கிளான்ஸ்கி 2007-இல் வெளியிட்ட மீள்பார்வை, கொந்தளிக்கும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வதே அந்நடத்தையின் முதன்மைப் பயன் என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன என்று காட்டியது. இரண்டு நடத்தைகளும் ஒரே வேதனையிலிருந்து விடுபடும் இரண்டு வழிகளாக இருக்கக்கூடும் என்பதால், போதைச் சிகிச்சை மையத்துக்கு வருபவரிடம் சுயகாய வரலாற்றைக் கேட்டறிவது மருத்துவத் தேவையாகிறது. போதைப்பொருள் நிறுத்தப்பட்டதும் மற்றொரு வழி மீண்டும் திறந்துகொள்ளுமா என்று முன்கூட்டியே அறியவும் அது உதவுகிறது. ஆனால் இந்த நெருக்கம்தான் அளவீட்டைக் கடினமாக்குவதும் ஆகும்.

இரண்டு கருவிகள்

இத்துறையில் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, ரேண்டி சான்சோன், மைக்கேல் வீடர்மன், லோரி சான்சோன் ஆகிய மூவரும் 1998-இல் வெளியிட்ட சுயதீங்குப் பட்டியல் ஆகும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையளிக்க வேண்டிய 22 வினாக்கள் கொண்ட இப்பட்டியலில், உடலைக் காயப்படுத்தும் செயல்களோடு, பட்டினி கிடத்தல், வேலையை வேண்டுமென்றே இழத்தல், தன்னைத் துன்புறுத்தும் உறவில் ஈடுபடுதல், தண்டனையாகக் கருதித் தன்னைக் கடவுளிடமிருந்து விலக்கிக்கொள்ளுதல், தன்னைத் தாழ்த்தும் எண்ணங்களால் வதைத்துக்கொள்ளுதல் போன்ற மறைமுகத் தீங்குகளும் இடம்பெறுகின்றன. உணர்ச்சியும் உறவுகளும் நிலையின்றித் தத்தளிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றை இனங்காண்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ‘ஆம்’ விடைகளை வரம்பாகக் கொண்டால், நேர்காணல் வழி பெற்ற முடிவோடு ஒப்பிடுகையில் 84 விழுக்காட்டினர் சரியாக வகைப்படுத்தப்பட்டனர் என்று உருவாக்கியவர்கள் அறிவித்தனர்.

மற்றொன்று, கிளான்ஸ்கியும் கேத்தரின் கிளென்னும் 2009-இல் வெளியிட்ட சுயகாயக் கூற்றுப் பட்டியல். இதன் முதற்பகுதி தற்கொலை எண்ணமின்றிச் செய்யப்படும் 12 வகைச் சுயகாயச் செயல்கள் வாழ்நாளில் எத்தனை முறை நிகழ்ந்தன என்று கேட்கிறது. இரண்டாம் பகுதி அச்செயல்கள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை 13 பயன்களாகப் பிரித்து, பயன் ஒன்றுக்கு மூன்று கூற்று வீதம் 39 கூற்றுகளால் அளக்கிறது. உணர்ச்சியைத் தணித்தல், தன்னைத் தண்டித்தல், தற்கொலை உந்துதலைத் தவிர்த்தல் போன்றவை மனத்துள் நிகழும் பயன்கள் என்றும், பிறரை வசப்படுத்துதல், பழிவாங்குதல், தன் உறுதியைக் காட்டுதல் போன்றவை பிறரை நோக்கிய பயன்கள் என்றும் இரு பெருங்காரணிகளாகத் தொகுக்கப்படுகின்றன. இக்கருவி பல்கலைக்கழக மாணவர்களிடம் உருவாக்கப்பட்டது என்பதைப் போதைச் சிகிச்சை மையத்தில் இதைப் பயன்படுத்துவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

மேற்பொருந்தும் வினாக்கள்

சுயதீங்குப் பட்டியலின் 22 வினாக்களில் மூன்று நேரடியாகப் போதையைத் தொடுகின்றன: மருந்தின் அளவை மீறுதல், மதுவைத் தவறாகப் பயன்படுத்துதல், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துதல். பல பொருட்களைச் சார்ந்து வாழ்ந்து ஒருமுறையேனும் அளவு மீறி மயங்கிய ஒருவர் இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்பார். போதையால் வேலை பறிபோனதைத் தன் குற்றமாகவே கருதும் அவர் வேலை இழப்பு வினாவுக்கும், மறுவாழ்வு மையத்தின் முதல் வாரத்தில் பலரையும் வாட்டும் தன்வெறுப்பின் காரணமாகத் தாழ்வெண்ணம் பற்றிய வினாவுக்கும் ‘ஆம்’ என்றால், அவர் உடலில் ஒரு கீறலும் இல்லாமலேயே வரம்பு மதிப்பெண்ணான ஐந்தை எட்டிவிடுகிறார். பிற குழுக்களிடம் சுயதீங்கைக் காட்டிய அதே எண், இங்கே போதைச் சார்பின் இயல்பான விளைவுகளை எண்ணிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அளக்கப்படும் பண்பும் அந்தக் குழுவை வரையறுக்கும் பண்பும் ஒரே வினாவில் கலந்துவிடுவதை அளவீட்டியலார் அளவைக் கலப்பு என்பர்.

உடற்காயத்தை மட்டும் கேட்பதால் கூற்றுப் பட்டியலுக்கு இக்குறை இல்லை என்று கருதுவதும் பொருந்தாது. அதன் 12 செயல்களில் தன்னை ஊசியால் குத்திக்கொள்ளுதல், ஆபத்தான பொருளை விழுங்குதல் ஆகிய இரண்டும் உள்ளன. ஹெராயினை இரத்தக் குழாயில் ஏற்றுபவருக்கு ஊசி காயக்கருவி அன்று, அன்றாடக் கருவி. புண்ணை ஆறவிடாமல் நோண்டுதலும் கடுமையாகச் சொறிதலும் அப்பட்டியலில் உண்டு. மெத்தம்ஃபெட்டமின் பயன்படுத்துவோர் சிலருக்குத் தோலுக்கடியில் பூச்சி ஊர்வதுபோன்ற உணர்வு தோன்றுவதால் அவர்கள் தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவதும், அபின் வகைப் பொருட்கள் உடலில் ஹிஸ்டமினை வெளியிடச் செய்து அரிப்பை உண்டாக்குவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. இவர்கள் உண்மையாகவே ‘ஆம்’ என்று விடையளித்தாலும் அந்த விடை மன வேதனையைப் பற்றியதாக இல்லாமல் மருந்தியல் விளைவைப் பற்றியதாக இருந்துவிடலாம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் நோய்வகைப்பாட்டு நூல், தற்கொலை நோக்கமற்ற சுயகாயத்தை மேலும் ஆராயப்பட வேண்டிய நிலையாகப் பட்டியலிட்டு, ஓராண்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் அது நிகழ்ந்திருக்க வேண்டும் என்றும், போதை ஏறிய நிலையிலோ போதை விலகும் நிலையிலோ மட்டுமே நிகழ்வது இதில் சேராது என்றும் வரையறுக்கிறது. வினாநிரல்களின் வழக்கமான வடிவத்தில் இந்த விலக்கைச் சோதிக்க இடமில்லை. போதைச் சார்புடையோரிடம் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு ‘ஆம்’ விடைக்கும் பின், அது போதையில் நிகழ்ந்ததா, போதை விலகிய துன்பத்தில் நிகழ்ந்ததா, தெளிவான மனநிலையில் நிகழ்ந்ததா என்ற துணைவினாவைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

ஈரானியச் சூழலில்

சுயதீங்குப் பட்டியலின் பாரசீக வடிவம் ஈரானிய ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டு வருகிறது. சூழல் மாறும்போது வினாவின் எடை எப்படி மாறுகிறது என்பதற்கு அந்நாடு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நீண்டகாலமாக முதன்மைப் போதைப்பொருளாக இருப்பது அபினும் அதிலிருந்து பெறப்படும் பொருட்களும். அண்மைப் பத்தாண்டுகளில், பேச்சுவழக்கில் ‘ஷீஷே’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் அவற்றோடு சேர்ந்தது. 2000-களின் தொடக்கத்திலிருந்து மெத்தடோன் சிகிச்சை விரிவாக்கப்பட்டு, பின்னர் அபின் டிங்சரும் மாற்று மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அங்கே முஸ்லிம்களுக்கு மது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இந்நிலையில் மூலப் பட்டியலின் மது வினாவை அப்படியே பாரசீகத்தில் கேட்டால், விடையளிப்பவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அவர் உண்மையில் சார்ந்திருக்கும் அபினைப் பற்றியோ பட்டியலில் வினாவே இல்லை. பல பாலுறவுத் தொடர்புகளைப் பற்றிய வினாவுக்கும் இதே சிக்கல் உண்டு: சட்டமும் மானமும் சேர்ந்து ‘இல்லை’ என்ற விடையை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன.

சமயச் சடங்குகளும் கருத்தில் கொள்ளத்தக்கவை. முஹர்ரம் துக்க நாட்களில் மார்பில் அடித்துக்கொள்வதும் சங்கிலியால் முதுகில் அடித்துக்கொள்வதும் ஷியா மரபில் பலர் பங்குகொள்ளும் வழிபாடு. ஆயுதத்தால் தலையைக் கீறிக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிராக 1994-இல் அந்நாட்டின் அன்றைய உயர் தலைவர் அலி காமெனி தீர்ப்பளித்தார். டி.எஸ்.எம்.-5 சமூகம் ஏற்ற சடங்குகளைச் சுயகாயத்திலிருந்து விலக்குகிறது என்றாலும், ‘உங்களை நீங்களே அடித்துக்கொண்டதுண்டா’ என்ற ஒற்றை வரியைப் படிப்பவருக்கு அந்த விலக்கு தெரியாது. எனவே சடங்கை விலக்கும் சொற்றொடர் வினாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். கடவுளிடமிருந்து விலகுதல் பற்றிய வினா இதற்கு எதிர்த்திசையில் சிக்கலானது: மத அடையாளம் அரசியலோடும் சட்டத்தோடும் பின்னிய சமூகத்தில் அந்த ‘ஆம்’ தன்தண்டனையைக் குறிக்கிறதா, நம்பிக்கை மாற்றத்தைக் குறிக்கிறதா என்று பிரித்தறிவது எளிதன்று.

மொழிபெயர்ப்பின் படிகள்

பண்பாட்டுக்கு ஏற்ப வினாநிரலைத் தழுவும் முறைக்குப் பீட்டன் உள்ளிட்டோர் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டி பலராலும் பின்பற்றப்படுகிறது. மூலத்திலிருந்து இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல், இரண்டையும் ஒன்றாக்குதல், மூலத்தைக் காணாதவர்கள் அதை மூலமொழிக்கே மீள்மொழிபெயர்த்தல், வல்லுநர் குழு ஒப்பிட்டு இறுதி செய்தல், 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்தல் ஆகியன அதன் படிகள். மீள்மொழிபெயர்ப்பு சொற்பிழையைக் கண்டுபிடிக்குமே தவிர, மேலே கண்ட மது வினா போன்ற பிழைகளைக் கண்டுபிடிக்காது. சொல் துல்லியமாகத் திரும்பி வந்தாலும் வினா தவறான இடத்தில் கேட்கப்படுவதாகவே இருக்கும். ஆகவே முன்சோதனையில் பங்கேற்பவர்கள் சிகிச்சை பெறும் போதைச் சார்புடையோராகவே இருத்தலும், ஒவ்வொரு வினாவையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டனர் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவுசெய்தலும் இன்றியமையாதவை.

இவ்வாறு கேட்கும்போது ஒரு சிறு குறை அடிக்கடி வெளிப்படக்கூடும். சுயதீங்குப் பட்டியலில் ‘வேண்டுமென்றே’ என்னும் சொல் தலைப்பு வினாவிலும் சில வரிகளிலும் வந்தாலும், அளவு மீறல், மது போன்றவற்றைக் கேட்கும் வரிகள் செயலின் பெயரை மட்டுமே தாங்கி நிற்கின்றன. அவ்வரிகளைப் படிப்பவர் அச்சொல்லைக் கவனியாமல் விடலாம். தற்செயலாக அளவு மீறி உயிர் தப்பியவர், அந்த அனுபவம் தம் நினைவில் ஆழமாகப் பதிந்திருப்பதால், நோக்கத்தைக் கருதாமலே ‘ஆம்’ என்று குறிப்பார். ‘வேண்டுமென்றே’ என்பதை ஒவ்வொரு வரியிலும் திரும்பச் சொல்லும் வடிவம் மூலத்திலிருந்து விலகினாலும் ஏற்புடைமைக்கு நெருங்கி நிற்கும். வினாக்களின் உள்ளடக்கத்தை வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட லாஷே 1975-இல் வகுத்த விகிதம் பயன்படுகிறது. பத்து வல்லுநர்கள் இருந்தால் ஒரு வினாவை வைத்துக்கொள்ள அந்த விகிதம் குறைந்தது 0.62 இருக்க வேண்டும். குழுவில் உளமருத்துவர்கள் மட்டும் இருந்து போதையிலிருந்து மீண்டவர்கள் இல்லாவிட்டால், ஊசி வினாவிலுள்ள சிக்கல் அக்குழுவின் கண்ணில் படாமலே போகலாம்.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

ஏற்புடைமை ஆய்வுகளில் முதலில் தரப்படும் எண் பெரும்பாலும் குரோன்பாக் ஆல்ஃபா. 1951-இல் லீ குரோன்பாக் விளக்கிய இந்தக் கெழு, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிறது. ஆம்-இல்லை வினாக்களுக்கு இது 1937-இல் கியூடரும் ரிச்சர்ட்சனும் தந்த 20-ஆம் சூத்திரத்தோடு ஒன்றாகிவிடுகிறது. சுயகாயப் பட்டியலுக்கு இந்த எண் பொருந்துமா என்பதே முதலில் ஐயத்துக்குரியது. தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறுவதற்குக் காய்ச்சல் காரணமாவதுபோல, மறைந்துள்ள ஒரு பண்பு வினாக்களுக்கான விடைகளை உண்டாக்குகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் ஆல்ஃபா நிற்கிறது. ஆனால் ஒரு வகையில் காயப்படுத்திக்கொள்பவர் வேறு வகையை நாடுவார் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை; கைக்கெட்டும் பொருள், பழக்கம், தங்கியிருக்கும் இடத்தின் கண்காணிப்பு ஆகியவை வகையைத் தீர்மானிக்கின்றன. இத்தகைய பட்டியல், பகுதிகள் சேர்ந்து முழுமையை ஆக்கும் தொகுப்புக் குறியீடே ஒழிய, ஒரே பண்பின் பல வெளிப்பாடுகள் அன்று. மாறாக, கூற்றுப் பட்டியலின் இரண்டாம் பகுதியிலுள்ள பயன்களுக்கு ஆல்ஃபா பொருத்தமானது.

இதைவிட முக்கியமான ஒன்று, போதைச் சார்புடையோரிடம் ஆல்ஃபா உயர்ந்திருப்பதே கலப்பின் அடையாளமாக இருக்கலாம் என்பது. மது, மருந்து, அளவு மீறல் ஆகிய மூன்று வினாக்களும் பல பொருட்களைப் பயன்படுத்துவோரிடம் ஒன்றாகவே ‘ஆம்’ ஆகும். அவற்றுக்கிடையிலான ஒட்டுறவு மொத்தக் கெழுவையும் உயர்த்திவிடும். ஆகவே போதை வினாக்களை நீக்கிய பின் கெழு எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்து அறிவிக்காத ஆய்வு வாசகருக்குப் பாதி விடையையே தருகிறது.

காரணிப் பகுப்பாய்வு, அதாவது வினாக்கள் எந்தெந்தக் குழுக்களாகச் சேர்கின்றன என்று காணும் முறை, இக்கலப்பை வெளிக்கொணர வல்லது. போதை வினாக்கள் தனியொரு காரணியாகப் பிரிந்து நின்றால், மொத்த மதிப்பெண்ணைச் சுயதீங்கின் அளவாகக் கொள்வது தவறு என்று பொருள். ஆனால் பகுப்பாய்வு முறை பொருத்தமாக அமைய வேண்டும்: ஆம்-இல்லை விடைகளுக்குச் சாதாரண ஒட்டுறவுக் கெழுவைப் பயன்படுத்தினால், கருத்தொற்றுமையால் அல்லாமல் ‘ஆம்’ சொல்வோரின் எண்ணிக்கை ஒத்திருப்பதாலேயே வினாக்கள் செயற்கையாகக் குழுமிவிடும். இதைத் தவிர்க்க, இருநிலை விடைகளுக்கென்று அமைந்த டெட்ராகோரிக் கெழு வேண்டப்படுகிறது. அதற்கும் மாதிரி பெரிதாக இருத்தல் வேண்டும். 200 பேரில் 3 விழுக்காட்டினர் மட்டுமே ‘ஆம்’ சொல்லும் வினாவில் அக்கெழு ஆறு பேரின் விடைமேல் நிற்கிறது. வினா ஒன்றுக்குப் பத்துப் பேர் என்ற பொதுவிதியை நம்பி 220 பேரோடு நிறுத்திக்கொள்வது அரிய செயல்களைக் கேட்கும் பட்டியலுக்குப் போதாது.

பொருத்தமான ஒப்பீட்டைத் தேர்வதும் இங்கே தனித்தன்மை உடையது. கேம்ப்பெல்லும் ஃபிஸ்கேயும் 1959-இல் வகுத்தபடி, ஒரு கருவி தன்னை ஒத்த கருவிகளோடு நெருங்கியும், வேறு பண்புகளை அளப்பவற்றிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். கிராட்ஸ், ரோமர் இருவரும் 2004-இல் வெளியிட்ட உணர்ச்சி ஒழுங்கமைவுச் சிரம அளவுகோலோடு சுயகாய மதிப்பெண் தொடர்புகொள்வது எதிர்பார்க்கத்தக்கது. அதற்கு இணையாக, போதையின் தீவிரத்தை அளக்கும் கருவிகளோடு அதன் தொடர்பு மிதமாக மட்டுமே இருக்க வேண்டும். போதைத் தீவிரத்தைக் கணக்கிலிருந்து கழித்த பின்னும் சுயகாய மதிப்பெண் உணர்ச்சிச் சிரமத்தையோ முன்னைய தற்கொலை முயற்சியையோ விளக்குகிறதா என்ற சோதனையில்தான் இவ்வகை ஆய்வின் பயனெல்லாம் அடங்கியிருக்கிறது.

காலமும் சூழலும்

வினாநிரல் எந்த நாளில் தரப்படுகிறது என்பது விடையை மாற்றுகிறது. ஹெராயின் போன்ற குறுங்காலச் செயல்பாடுடைய பொருட்களை நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் 8 முதல் 24 மணி நேரத்தில் தோன்றி 4 முதல் 10 நாட்கள் நீடிக்கும்; மெத்தடோனை நிறுத்தினால் 10 முதல் 20 நாட்கள்கூட ஆகலாம். அந்த வலியிலும் உறக்கமின்மையிலும் இருப்பவர் தம் கடந்தகாலத்தை நிகழ்காலத்தின் நிறத்திலேயே காண்பார். மறுசோதனை நம்பகத்தன்மைக்காக இரு வார இடைவெளியில் மீண்டும் கேட்கும்போது முதல் தடவை விலகலிலும் இரண்டாம் தடவை தெளிவிலும் அமைந்தால், விடைகள் மாறுவதைக் கருவியின் குறை என்று சொல்ல இயலாது. விலகல் கட்டம் கடந்த பின்னரே இரு சோதனைகளும் நடைபெற வேண்டும். போதையில் நிகழ்ந்தவை நினைவிலேயே பதியாமல் போவதால், குறையாகச் சொல்லப்படும் விடைகளையும் எதிர்பார்க்க வேண்டும்.

இடமும் விடையை மாற்றும். ஈரானில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் 15-ஆம் பிரிவு தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோரையும், 16-ஆம் பிரிவு கட்டாயமாக அனுப்பப்படுவோரையும் பற்றியவை. விடுதலை நாள் தன் விடையைப் பொறுத்தது என்று அஞ்சும் ஒருவர் காட்டும் நேர்மையையும், விரும்பி வந்தவர் காட்டும் நேர்மையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. மேலும், சிறையிலும் தெருவிலும் எதிரியை அஞ்சவைக்கவோ காவலரிடம் எதிர்ப்பைக் காட்டவோ தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களின் செயல், பிறரை நோக்கிய பயன்களில் அடங்குவது. மாணவர் மாதிரியில் அரிதாகக் காணப்பட்ட இப்பயன்கள் இங்கே ஓங்கி நிற்கக்கூடும் என்பதால், இரு காரணி அமைப்பு இங்கும் அப்படியே நிற்கும் என்று கொள்ளாமல் சோதித்தே காண வேண்டும். சிகிச்சை மையங்களில் ஆண்களே பெரும்பான்மையாக இருப்பதால், பெண்களிடமும் அதே அமைப்பு பொருந்துகிறதா என்ற அளவீட்டு மாறாமைச் சோதனைக்குப் போதிய பெண்களைத் தேடிச் சேர்ப்பதும் ஆய்வாளரின் பொறுப்பே.

வரம்பு மதிப்பெண்

மூலக் கருவியின் வரம்பை அப்படியே கடன் வாங்குவது இவ்வாய்வுகளில் நேரக்கூடிய மிகப் பெரிய தவறு. கோளாறு உள்ளவரைச் சரியாகக் கண்டறியும் உணர்திறனும், இல்லாதவரைச் சரியாக விலக்கும் குறிப்புத்திறனும் தலா 80 விழுக்காடு உடைய ஒரு கருவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். நூற்றில் 40 பேருக்கு அந்நிலை உள்ள குழுவில் அது 32 பேரைச் சரியாகவும் 12 பேரைத் தவறாகவும் குறிக்கும். குறிக்கப்பட்டோரில் 73 விழுக்காட்டினர் உண்மையில் உள்ளவர்கள். நூற்றில் 10 பேருக்கே உள்ள குழுவில் அதே கருவி 8 பேரைச் சரியாகவும் 18 பேரைத் தவறாகவும் குறிக்கும். அங்கே 31 விழுக்காட்டினர் மட்டுமே உண்மையில் உள்ளவர்கள். கருவியின் திறனே மாறாதபோதும் இவ்வளவு வேறுபாடு என்றால், அளவைக் கலப்பால் குறிப்புத்திறனும் குறைந்துவிடும் போதைச் சார்புடையோரிடம் புதிய வரம்பை, நேர்காணல் வழிப் பெற்ற முடிவோடு ஒப்பிட்டு, புதிதாகவே கணிக்க வேண்டும்.

அறப் பொறுப்பு

தற்கொலை, சுயகாயம் பற்றிக் கேட்பதே அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் பல நெறிமுறைக் குழுக்களில் எழுகிறது. தாசி உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட மீள்பார்வை, கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடியதாகச் சான்று இல்லை என்று கண்டது. இதனால் ஆய்வாளரின் பொறுப்பு குறைவதில்லை. தற்கொலை முயற்சி பற்றிய வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தால் அன்றே யார் பேசுவது, யாருக்குத் தெரிவிப்பது, விடைத்தாள் மையத்தின் நிர்வாகத்திடம் போகாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் முதல் வினாத்தாள் கைமாறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழகத்தில் சுயதீங்குப் பட்டியலைத் தமிழாக்க முனைவோருக்கும் ஈரானிய அனுபவம் பயன்படும், ஆனால் தலைகீழாக. 2003 முதல் மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வழியாகவே நடைபெறும் மாநிலத்தில், மறுவாழ்வு மையங்களுக்கு வருவோரில் குடிநோயாளிகள் பலர். ஈரானில் மறைக்கப்படும் மது வினாவுக்கு இங்கே அவர்கள் அனைவரும் ‘ஆம்’ என்பர், அதனால் அவ்வினா அவர்களுள் ஒருவரையும் மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அலகு குத்துதலும் தீமிதியும் முஹர்ரம் சடங்குகளைப் போலவே வினாவுக்குள் பெயர்சொல்லி விலக்கப்பட வேண்டியவை. ஒரே வினா ஓரிடத்தில் எவரையும் பிடிக்காமலும் மற்றோரிடத்தில் அனைவரையும் பிடித்தும் பயனற்றுப் போகிறது என்றால், ஏற்புடைமை என்பது வினாநிரலோடு பயணம் செய்யும் உடைமை அன்று, அது ஒவ்வொரு மக்களிடமும் புதிதாக ஈட்டப்பட வேண்டியது என்பது தெளிவு.

ஆகவே போதைச் சார்புடையோரிடம் மொழிபெயர்ப்பு வடிவத்தைச் சோதிக்கும் ஆய்வு, ஆல்ஃபாவும் காரணி அமைப்பும் திருப்திகரம் என்று முடித்துக்கொள்வது நிறைவாகாது. போதை வினாக்களைச் சேர்த்தும் நீக்கியும் இரு மதிப்பெண்களை அறிவித்தல், செயல் நிகழ்ந்த மனநிலையைத் துணைவினாவால் பிரித்தல், விலகல் கட்டம் கடந்த பின் கேட்டல், வரம்பைப் புதிதாகக் கணித்தல் ஆகிய நான்கும் அதன் குறைந்தபட்சத் தேவைகள். இவை நிறைவேறாத கருவி சிகிச்சை மையத்தில் இரு வகைத் தவறையும் செய்யும்: காயமே இல்லாதவருக்கு ஆளுமைக் கோளாறு என்ற பெயரைச் சூட்டும், சட்டத்துக்கும் மானத்துக்கும் அஞ்சி ‘இல்லை’ என்று எழுதியவரை உதவி எதுவுமின்றி வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.